பெயருக்கு முன்னால்

கொழுந்தன் வாசலில் நாற்காலி மேல் ஏறி நின்று அஞ்சலிப் பலகையைக் கம்பியால் கட்டிக்கொண்டிருந்தான். கணவரின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தவள் அதைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள். விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்ட மனுஷர் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, பெயருக்கு முன்னால், கொட்டை எழுத்தில் 'டாக்டர்' என்று போட்டிருந்தது.

"இருக்கட்டும் அண்ணி. எல்லாரும் அப்படித்தானே கூப்பிட்டாங்க," என்றான். அழுது அழுது அவன் கண் வீங்கியிருந்தது.

அவளுக்கும் இருக்கட்டும் என்றுதான் தோன்றியது. பொய் சொல்வானேன், இனித்தது. கடைவீதியில் யாராவது "டாக்டர் வீட்டம்மா" என்று கூப்பிட்டால் அவள் முகம் மலரும். கூட வரும் இவரோ, "டாக்டர் இல்லீங்க, அவருக்கு உதவியாளர்" என்று சொல்லி அதில் மண்ணை அள்ளிப் போடுவார்.

மருத்துவமனையில் நோயாளியை முதலில் பார்ப்பவர் அவர்தான். வயிற்றை அழுத்திப் பார்ப்பது, கிழிந்ததைத் தைப்பது, மருந்து எழுதுவது எல்லாம் அவர். டாக்டர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். சம்பளத்தில் மட்டும் இருவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதற்காக வேலையில் குறை வைத்தாரா என்றால், அதுதான் இல்லை. சாப்பிட உட்காருமுன், காலையில் பார்த்த குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியதா என்று போன் போட்டுக் கேட்பார். இதற்கும் சேர்த்தா கொடுக்கிறார்கள் என்று அவள் முணுமுணுப்பாள்.

ஒருமுறை ஒருவர் வந்து, தெருமுனையில் இடம் தருகிறேன், டாக்டர் என்று பலகை மாட்டிக்கொள்ளுங்கள், யார் கேட்கப்போகிறார்கள் என்றார். டீ கொடுத்து அனுப்பிவிட்டார் இவர். அவள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"எனக்குப் பிடிபடலைன்னா உள்ள டாக்டர்கிட்ட அனுப்புறேன் பாரு, அதுவும் என் வேலைதான்," என்றார் கடைசியில். "அந்தப் பலகையை மாட்டிட்டா, நான் யார்கிட்ட அனுப்புறது?"

அன்று அவள் எழுந்துபோய் அவருக்குச் சோறு போட்டாள்.

தச்சர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி வந்தார். முன்பு ரம்பத்தில் சிக்கிய அவர் விரலை இவர்தான் தைத்தார்.

"நம்ம டாக்டர் போயிட்டாராம்மா?"

"டாக்டர் இல்லீங்க," என்றாள் அவள். "அவருக்கு உதவியாளர்."

சொன்ன பிறகுதான் தன் குரலே தன் காதில் விழுந்தது. அதே வார்த்தை, அதே நிதானம். இப்படி ஒரு மனுஷரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறோம் என்று பெருமையாக இருந்தது.

"தெரியும்மா. விரலைத் தைக்கும்போதும் அதைத்தான் சொன்னாரு." தச்சர் அந்த விரலை மடக்கி நீட்டினார். "டாக்டர் முகத்தை ஒரு தடவை பாத்துக்கிறேன்."

அவரை உள்ளே அனுப்பிவிட்டு, பலகையில் அந்த வார்த்தையை மறைக்கச் சொன்னாள். கொழுந்தன் மறுபேச்சுப் பேசாமல் வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டினான்.

வெயில் ஏறியபோது தாளுக்கு அடியில் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. இன்னொரு தாள் ஒட்டட்டுமா என்று கேட்டான்.

அவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு உள்ளே போனாள்.