இரண்டாவது கட்டத்தில் ஒரு டிக்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை, பேனாவில் பிறந்தது. செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து, கேட்பவர்களுக்கு அரசாங்கப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது; ஆகவே என்னை வேலையைவிட்டுத் தூக்கவும் வழி கிடையாது.

பக்கத்து வீட்டு கார்லா வந்தாள். மூன்று வயது மகள் ஜோஸியின் பகல்காப்பகத்துக்கு வரும் அரசு உதவியைப் புதுப்பிக்க வேண்டும். விரலில் மோதிரம். இரண்டாவது கட்டத்தில், 'திருமணமானவர்', டிக் அடித்தேன். கணவர்: ரஸ். அவன் சம்பளம் தெருவுக்கே தெரியும், அதையும் எழுதினேன். ஜோஸியின் மூக்கைத் துடைத்தபடியே கார்லா கையெழுத்துப் போட்டாள்.

அது நிச்சயதார்த்த மோதிரம். ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், ஆனால் கல்யாணம் அக்டோபரில்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது: இரண்டு சம்பளம், வருமான வரம்பைத் தாண்டிய குடும்பம், அடுத்த மாதத்திலிருந்து உதவி இல்லை.

2

'கார்லா கடிதத்தைப் பிரித்தபோது வெளியே மழை' [மழை பெய்யவில்லை. இந்த வரியை அடித்துவிட்டேன்.]

'குடும்பம் என்பது அரசின் கண்ணில் ஒரு' [யார் படிப்பார்கள்? இதையும்.]

நடந்தது இதுதான். என் கதவு அதிர்ந்தது.

"மில்ட்! எனக்கே தெரியாம எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சிட்டியே!"

"மோதிரத்தைப் பார்த்தேன்மா..."

"கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டியா? இல்லேல்ல? அப்பவே தோணியிருக்க வேணாமா?"

பின்னால் நின்ற ரஸ் சிரித்தான். "விடு கார்லா. பெரியவர் முன்கூட்டியே வாழ்த்திட்டார்."

(ரஸ் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. கதைக்கு ஆகாத அளவு நல்லவன். ஜோஸி அவன் பெற்ற பிள்ளையில்லை. ஆனாலும் அவள் காய்ச்சலுக்கு லீவு போடுகிறவன் அவன்தான். ஒரு குறை வைக்கலாமென்று தேடினேன். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவான். அவ்வளவுதான் கிடைத்தது.)

3

என் டிக் தப்பு. சரி, மண்டையில் குட்டுங்கள். ஆனால் அக்டோபரில் அதே டிக் சரியாகிவிடுமே! அதே வீடு, அதே ஒழுகும் கூரை, அதே சம்பளம்.* கல்யாணப் பதிவில் கையெழுத்து இல்லாதவரை ரஸ் யாரோ. கையெழுத்துப் போட்டால் கார்லா வசதிக்காரி. குடும்பங்கள் சேர்ந்து வாழ வேண்டும் என்று தேர்தலுக்குத் தேர்தல் தொண்டை கட்டக் கத்துகிறவர்கள் யாராவது இந்தப் படிவத்தைப் படித்

[கத்துவது நான். நிறுத்துகிறேன்.]

கல்யாணம் செய்தால் உதவி போகுமா, போகாதா? அலுவலகத்துக்கு நான்கு முறை போன் செய்தேன். "அது பல விஷயத்தைப் பொறுத்தது சார்." நகரமன்ற உறுப்பினரைக் கேட்டேன். "ரொம்ப நல்ல கேள்வி." பாதிரியார், "ஜெபிப்போம்" என்றார்.

* ரஸுக்குக் கார் சைலன்சர் மாற்றும் கடையில் வேலை. முதலாளி என்று நினைத்துவிடாதீர்கள்.

4

எங்கள் பக்கத்தில் கல்யாணமென்றால் கேக் இரண்டாம்பட்சம். வீட்டில் சுட்ட பிஸ்கட்டுகளை அடுக்கிவைக்கும் குக்கீ மேசைதான் முக்கியம். உறவுப் பெண்கள் மாதக்கணக்கில் சுட்டு உறையவைப்பார்கள். இப்போதே நான்கு ஃப்ரீஸர்கள் நிரம்பிவிட்டன. கார்லாவின் டோலரஸ் அத்தை என்னைக் கடைத்தெருவில் மடக்கினாள்.

"கல்யாணம் தள்ளிப்போனா ரெண்டாயிரம் குக்கீயை யாருய்யா திங்கிறது? நீயா?"

ஆக, கதைக்கு மூன்று முடிவுகள்:

கல்யாணம் நடக்கிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள கார்லா வேலையை விடுகிறாள்.

கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போகிறது. குக்கீகள் எனக்குத் தண்டனை.

விருந்து மட்டும், பதிவு இல்லை. இதைக் கார்லாவிடமே சொன்னேன். "பொய்க் கல்யாணத்துக்கா எங்க அத்தைங்க மாவு பிசைஞ்சாங்க?" என்றாள்.

நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டிக் அடிக்கும் வேலையை இனி என்னிடம் கொடுக்காதீர்கள்.

5

நேற்று கார்லாவோடு அலுவலகத்துக்குப் போனேன். என் தவற்றைத் திருத்த, 'எனக்குத் திருமணம் ஆகவில்லை' என்ற தாளில் அவள் கையெழுத்திட வேண்டும். கையில் பேனா. போடவில்லை.

"அக்டோபர்ல இதுவே பொய்யாயிடுமே மில்ட்" என்றாள். "அப்ப என்ன பண்றது?"

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அலுவலக ஊழியர் யொலாண்டா. நான் குனிந்து கேட்டேன். "அம்மா, பொறுத்தது கிறுத்ததுன்னு சொல்லாதீங்க. இந்தப் பொண்ணு கல்யாணம் பண்ணிக்கலாமா, கூடாதா?"

யொலாண்டா இரு பக்கமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"பண்ணிக்கிட்டா உதவி போயிடும். பண்ணிக்கலைன்னா இருக்கும். பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ற வரைக்கும் பொறுங்க. நானும் மூணு வருஷமா அப்படித்தான் பொறுத்துட்டு இருக்கேன்."