விழுந்ததாகச் சொன்னார்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதில் பாதிக் கோபம் என்மேல்தான்.

மருத்துவமனை ஒன்றின் பதிவேட்டு அறையில் நான் எழுத்தர். காயத்தோடு வருகிறவர்களின் சீட்டைப் பார்த்து, 'காயத்தின் காரணம்' என்ற தலைப்பின் கீழே ஒரு கட்டத்தில் டிக் அடிப்பது என் வேலை. வாகன விபத்து, தீக்காயம், பாம்புக்கடி, நாய்க்கடி, விழுந்தது, மற்றவை. ஏழு மாதத்தில் ஒரே பெரியவருக்கு மூன்று முறை 'விழுந்தது' என்று டிக் அடித்திருக்கிறேன். முதலில் புருவத்தில் தையல். அப்புறம் விலா எலும்பு. கடைசியில் இடது கை.

சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. டீ குடிக்கப் போனேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

இருண்ட வானத்தைப் பார்த்தபடி அந்த முதியவர் தன் கடந்த காலத்தை

அடித்துவிட்டேன். (எழுத்தை அடிப்பதற்கும் ஆளை அடிப்பதற்கும் நம்மிடம் ஒரே சொல்தான். இந்தக் கதையில் அதைப் பார்த்துத்தான் புழங்க வேண்டும்.) அவர் எந்த வானத்தையும் பார்க்கவில்லை. எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில், இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலை பதினோரு மணி, நல்ல வெயில். வயது எழுபத்து நான்கு. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்ததில் காது பாதி போய்விட்டது. ஆள் இன்னும் ஓங்குதாங்காகத்தான் இருந்தார். அடிவாங்குகிற முதியவர் என்றால் குச்சி மாதிரி இருக்க வேண்டும் என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

பக்கத்தில் மகன். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கூப்பிட்டதும் எழுந்து, எக்ஸ்ரே எடுக்கிற அக்காவிடம் மெல்லிய குரலில் சொன்னார்:

"கொஞ்சம் மெதுவா பிடிங்க மேடம். அப்பாவுக்கு வலி தாங்காது."

3

இந்த மகன் பாத்திரத்தில்தான் தடுமாறினேன். குடிகாரன் என்று எழுதிப் பார்த்தேன். வேலை போய்விட்டது என்று எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொய். அவர் குடிப்பதில்லை, கடை நன்றாக ஓடுகிறது, தெருவில் நல்ல பெயர். உங்களுக்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் கிடைத்தால், "அப்படிப்பட்டவன் செய்வான், நம் வீட்டில் இல்லை" என்று நீங்கள் தள்ளி உட்கார்ந்துகொள்ளலாம். தரமாட்டேன்.

4

எக்ஸ்ரே அறைக்கு ஒரு வசதி உண்டு. நோயாளியோடு வருகிறவர்கள் உள்ளே வரக் கூடாது. கதிர்வீச்சு. கனமான கதவு சாத்தியதும், மொத்த மருத்துவமனையிலும் ஒரு மனிதர் தன் குடும்பம் இல்லாமல் தனியாக இருக்கிற ஒரே இடம் அதுதான்.

அக்கா படம் எடுத்தாள். பார்த்தாள். முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நட்டநடுவில் உடைந்திருந்தது. பதினெட்டு வருடமாக எலும்புகளைப் பார்க்கிறவள். பெரியவரின் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னாள்:

"ஐயா, கீழ விழறவங்க உள்ளங்கைய ஊனுவாங்க. மணிக்கட்டுதான் உடையும். இப்படி நடுவுல உடையணும்னா கையத் தூக்கித் தடுத்திருக்கணும். யாரு அடிச்சாங்க?"

"விழுந்துட்டேம்மா."

"எங்க?"

"பாத்ரூம்ல."

"போன தடவை?"

"அதுவும் பாத்ரூம்தான்."

"அந்த பாத்ரூம மொதல்ல அட்மிட் பண்ணணும்யா."

பெரியவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே முகம் கோணியது. ஆனாலும் பாத்ரூம்தான் என்றார்.

அக்கா சீட்டில் எழுதினாள்: 'விழுந்ததால் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.' டாக்டர் படித்துவிட்டு, "குடும்ப விஷயத்துல நமக்கென்னம்மா" என்று அந்த வரியை அடித்தார். சீட்டு என்னிடம் வந்தது. அடித்த கோட்டுக்கு அடியில் வரி நன்றாகவே தெரிந்தது. நான் 'விழுந்தது' என்று டிக் அடித்தேன்.

5

(இங்கே எழுத்தாளர் மனம் உடைந்து அழுவதாக ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.)

மாலையில் வேலை முடிந்ததும் நேராக என் மேசைக்கு வந்தாள்.

"என்னய்யா டிக் அடிச்ச?"

"அக்கா, அடிச்சதுன்னு போட கட்டமே இல்லக்கா."

"கட்டத்துல இல்லன்னா உடம்புலயும் இல்லையா? எடு ரிஜிஸ்டர."

ஒரு வருடப் பதிவேட்டை எடுத்தோம். அறுபது வயது தாண்டியவர்கள், முன்கை எலும்பு நடுவில் உடைந்தவர்கள், காரணம் 'விழுந்தது'. அவள் பழைய படங்களை எடுத்துப் பார்த்துச் சொல்ல, நான் எழுதினேன். நான்கு நாள் ஆனது. இருபத்து மூன்று பேர். அதில் பதினான்கு பேர் பெண்கள். ஒன்பது பேர் ஒரு தடவைக்கு மேல் வந்தவர்கள். எல்லோரையும் விழவைத்தது என் பேனா.

மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் போனோம். இருபத்து மூன்று என்றதும், "ஊர் பெருசு, இது ரொம்ப சின்ன நம்பர்" என்றார்.

அக்கா விட்டாளா? "இருபத்து மூணு பேருக்கு ஒரே மாதிரி காய்ச்சல் வந்திருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க? தெருத்தெருவா ஆள் அனுப்பி, தண்ணிய எடுத்து சோதிச்சு, மைக்ல சொல்லியிருப்பீங்க. இதுவும் வீட்டுக்கு வீடு இருக்குற நோய்தான் சார். இதுக்கு மட்டும் நாம வாசல்லயே நின்னுக்கறோம்."

அவர் பட்டியலை வாங்கிப் புரட்டினார். பிறகு சொன்னார்: "நோயாளி வாயால சொல்லணும்மா. சொன்னா நானே எழுதறேன்."

6

ஆறு வாரம் கழித்து, மாவுக்கட்டைப் பிரித்துப் பார்க்கப் பெரியவர் வந்தார். மகன் கூடவே வந்தார். கதவு சாத்தியது. இந்தத் தடவை அக்கா எதுவும் கேட்கவில்லை. கையைத் தட்டின்மேல் வைக்கச் சொன்னாள்.

அவரே ஆரம்பித்தார்.

"டிவி சத்தம் எனக்குக் கேக்கலம்மா. கூட்டி வெச்சேன். ரிமோட்டாலதான் மொதல்ல அடிச்சான். அப்புறம் ஸ்டூலு."

"ஏன்யா அன்னிக்கே சொல்லல?"

"முப்பத்தோரு வருஷம் ஒருத்தர் மேலயும் இடிக்காம ஓட்டினவன்மா நான். பெத்தவன் ஒழுங்கா வளர்க்கலன்னுதானே சொல்லுவாங்க? வெளிய தெரிஞ்சா அவன் கடைக்கு அப்புறம் யாரு வருவா?"

கவனியுங்கள். கை உடைந்தவர், உடைத்தவரின் கடைக்கு வியாபாரம் குறையுமே என்று கவலைப்படுகிறார். இதைப் பாசம் என்று எழுத என் பேனா ஒரு நொடி துடித்தது. வாசகர்களுக்கு மிகவும் பிடித்திருக்கும். பாசம் இல்லை இது. ஒரு மனிதரை எந்த அளவுக்குப் பயப்பட வைக்கலாம் என்பதற்கான அளவு.

"இப்ப ஏன்யா சொல்றீங்க?"

"கட்டுப் போட்ட கைய நேத்து பிடிச்சு முறுக்கினான்மா. இனி என்னால முடியாது."

கண்காணிப்பாளர் வாக்குத் தவறவில்லை. அவரே வந்து கேட்டு எழுதினார்: 'மகன் தாக்கியதாக நோயாளி கூறுகிறார்.' இரண்டு நாள் வார்டில் வைக்கச் சொன்னார்.

"போலீஸ்ல புகார் குடுக்கறீங்களா ஐயா?"

"அவன உள்ள போடச் சொல்லல சார். அந்த வீட்டுக்கு நான் போகல. அவ்வளவுதான்."

அதற்குத்தான் எங்களிடம் வழி இல்லை. மருத்துவமனைச் சமூகப் பணியாளர் இரண்டு முதியோர் இல்லங்களுக்குப் போன் போட்டார். முதல் இல்லத்தில், தன் கையால் சட்டை போட்டுக்கொள்ள முடியாதவரை எடுக்கமாட்டார்களாம். இரண்டாவது இல்லத்தில், "நடமாடறவர்தானே, மகன் வேற இருக்காரு, எங்களுக்கு எதுக்கு அனுப்பறீங்க?" என்றார்கள்.

7

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: மகன் வார்டில் அப்பாவின் காலைப் பிடித்துக் கதறி அழுகிறார். பெரியவர் அவர் தலையைத் தடவி— இதை எழுதி முடிக்கக் கை கூசுகிறது. இப்படி முடிந்த கதைகளைப் படித்துத்தான் பக்கத்து வீட்டுச் சத்தத்துக்கு நாம் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம்.

இரண்டு: பெரியவர் இறந்துவிடுகிறார். செத்தால் எல்லோருக்கும் வசதி. அதனாலேயே வேண்டாம்.

மூன்று: அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறாள். அவள் வீட்டில் இரண்டு அறை, ஐந்து பேர். ஊரில் இருக்கிற அத்தனை பேரின் வேலையையும் ஒரு பெண்ணின் தலையில் கட்டுகிற முடிவு இது.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் நாள் காலை, துவைத்த சட்டையும் ஒரு பிளாஸ்க்குமாக மகன் வந்தார். வார்டே பார்த்துக்கொண்டிருந்தது.

"வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம். எல்லாரும் பாக்கறாங்க."

பெரியவர் காதைக் கையால் குவித்துக்கொண்டார். "என்ன சொல்ற? சத்தமா சொல்லு."

மகன் சத்தமாகச் சொல்லவில்லை.

"நான் வரலடா," என்றார் பெரியவர், பஸ்ஸின் கடைசி சீட்டு வரை கேட்கிற குரலில். "நீ அடிக்கிற. நான் வரல."

மகன் பிளாஸ்க்கை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். போய்விடவில்லை. வாசலில்தான் நிற்கிறார்.

பத்து மணிக்குக் கட்டில் காலியாக வேண்டும். அடுத்த நோயாளி ஸ்ட்ரெச்சரில் காத்திருக்கிறார். சமூகப் பணியாளர் மூன்றாவது எண்ணுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. பெரியவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால் "பாவம்" என்றோ "அப்பாடா" என்றோ சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

மணி பத்தாக ஐந்து நிமிடம் இருக்கிறது. அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கட்டிலுக்கு அடியில் காலால் துழாவிச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். நீங்கள் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள்.