ஆழப் பக்கத்துச் சுவர்

குளத்துத் தண்ணீரை இறக்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆழப் பக்கத்துச் சுவரில், நீலக் கண்ணாடிச் சில்லுகளுக்குப் பின்னால், திட்டுத் திட்டாக நிழல். கிளப்பின் திறப்பு விழாகூட இன்னும் நடக்கவில்லை.

மலேசியா உருவான வருடம் அது. புக்கிட் தீமா சாலைப் பக்கத்தில் அந்த நீச்சல் குளத்தைக் கட்டினோம். ஆளுக்கு ஒரு சுவர் என்று இன்ஜினியர் அழகப்பன் பிரித்துக் கொடுத்திருந்தார். எவன் சுவரில் குற்றம் வருகிறதோ அவனுக்கு அடுத்த கட்டடத்தில் வேலை கிடையாது என்றும் சொல்லியிருந்தார். ஆழப் பக்கம் என் பங்கு.

சாதாரண ஓடு என்றால் பின்னால் என்ன செய்தாலும் தெரியாது. கண்ணாடி அப்படியில்லை. வெள்ளைச் சிமெண்டைக் கொத்துக் கரண்டியால் வளைத்து இழுத்து, ஈரம் இருக்கும்போதே சில்லை அழுத்தித் தட்டிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் கரண்டியின் கோடுகள் நசுங்காமல் நின்றுவிடும். இடையில் தண்ணீர் புகுந்து, வெளியே நிழலாகத் தெரியும்.

அழகப்பனோடு அப்துல் அஜீஸும் ஏணியில் இறங்கி வந்தான். எங்களோடு சில்லு ஒட்டிக்கொண்டிருந்தவன், அந்த மாதம்தான் எங்களுக்கு மேலாளாக, மண்டோராக ஆகியிருந்தான். ஃபேரர் பார்க்கில் என் அறைக்கு அடுத்த அறை அவனுடையது.

"தட்டிப் பாருய்யா," என்றார் அழகப்பன் அவனிடம்.

அஜீஸ் எப்போதும் போல இடது கையால் சுத்தியலைப் பிடித்து, அதன் காம்பால் தட்டினான். நல்ல இடத்தில் கல்லைப் போல் கேட்டது. நிழல் விழுந்த இடத்தில் 'டொண்' என்றது.

"பிஸ்கட் டின்னையா கட்டி வச்சிருக்கீங்க?" என்றார் அழகப்பன். "யார் செவரு இது?"

நான் அஜீஸைப் பார்த்தேன்.

அந்தச் சுவரை நான் ஒட்டவில்லை. அதை ஒட்ட வேண்டிய அன்று தீமிதி. மகளுக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். "நீ போய் நெருப்புல நட மாப்ளே. ஒன் செவத்த நான் பாத்துக்குறேன். பெருநாளைக்கு நீதானே என் செவத்த பாத்த?" என்று அஜீஸ்தான் அனுப்பி வைத்தான். வருடக்கணக்காக எங்களுக்குள் இருந்த வழக்கம் அது. பெயர் கூப்பிடும்போது ஒருவனுக்காக மற்றவன் குரல் கொடுப்பான். அழகப்பனுக்குத் தெரியாது.

ஒரே நாளில் இரண்டு சுவர். அவசரத்தில் மொத்தச் சுவருக்கும் ஒரேயடியாகச் சிமெண்டை இழுத்திருப்பான். எனக்காகப் பட்ட அவசரம். அதற்காக அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் திட்டு வாங்கிக்கொண்டு இருவரும் சேர்ந்தே உடைத்து ஒட்டிவிடலாம்.

"கோவிந்தசாமி செவரு சார்," என்றான் அஜீஸ்.

"வேலை எப்படி? மண்டோரு நீதானே, சொல்லு லா."

"மோசம் சார். சிமெண்ட காய விட்டிருக்கான். கவனமில்ல."

அந்தக் கடைசி வார்த்தையை அவன் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

காலிக் குளத்தின் அடியில் பேச்சு நின்ற பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் சுவர்களில் சுற்றும். அது அடங்கும் வரை காத்திருந்தேன். நான் வாய் திறந்தால் அன்றைக்கு நான் வரவேயில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்காகப் பயந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அவனே சொல்வான் என்று நினைத்தேன்.

"இன்னைக்கே ஒடச்சு எடுத்துரு கோவிந்தசாமி," என்றார் அழகப்பன். "திங்கக்கிழமையிலேர்ந்து வர வேணாம்."

உடைக்கத் தொடங்கினேன். சில்லுகள் உதிர உதிரச் சிமெண்டில் கரண்டிக் கோடுகள் தெரிந்தன. நான் இழுத்தால் வலது பக்கம் வளையும். இவை எல்லாம் இடது பக்கம் வளைந்திருந்தன. எங்கள் ஆட்களில் இடது கைக்காரன் ஒருவன்தான். சோறு தின்ன மட்டும் அவனுக்கு வலது கை.

அஜீஸ் பின்னால் வந்து நின்றான். "கண்ண பாத்துக்க. தெறிக்கும்."

"இது யார் கைன்னு தெரியுதா?"

அவன் மேலே பார்த்தான். குளத்து விளிம்பில் அழகப்பன் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் மண்டோர் ஆனேன் மாப்ளே," என்றான், குரலை இறக்கி. "ஒனக்கு வேற எங்கயாச்சும் வேல பாத்துத் தர்றேன் லா. சத்தம் போடாத."

நான் உடைத்துக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு சாண் அகலம் மிச்சம் இருந்தபோது நிறுத்தினேன். அழகப்பன் இறங்கி வந்தார்.

"என்ன, நிறுத்திட்ட?"

"மிச்சத்த மண்டோர் ஒடைக்கட்டும் சார். அவருக்குத்தான் இந்தச் செவத்தப் பத்தி நல்லாத் தெரியும்."

அஜீஸை நான் 'அவர்' என்றது அதுதான் முதல் தடவை.

"கோவத்தப் பாரு," என்று அழகப்பன் சிரித்தார். "வாங்கி ஒடைய்யா."

சுத்தியலை நீட்டினேன். இடது பக்கம் வளைந்த கோடுகள் சுவர் முழுக்க அழகப்பன் கண்ணெதிரே இருந்தன. அஜீஸின் இடது கை எழுந்தது. பாதியில் நின்றது. விரல்கள் மடங்கிக் கீழே இறங்கின.

பிறகு வலது கையை நீட்டி வாங்கினான்.

முதல் அடி சில்லின் மேல் விழவில்லை.