இரண்டாம் நம்பர் பாட்டில்

அத்தை மீன்தொட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மின்விசிறியின் பிளக்கைச் செருகியபோது, லொள்ளு இரண்டு கைகளிலும் நாற்காலிகளோடு கூடத்தின் நடுவில் நின்றிருந்தான். அப்பாவின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு மணிக்குத்தான் வரும். அதற்குள் கூடத்தை ஒழித்துவைக்க வேண்டும்.

"அத்தை, அது தொட்டி மோட்டாரு. நிறுத்தினா மீனுக்கு மூச்சு முட்டும்."

"எங்கண்ணனே மூச்சை விட்டுட்டுப் போயிட்டாரு. இவன் மீனுக்கு மூச்சு பாக்குறான்."

"ஒரே நாள்ல ரெண்டு சாவுன்னா நாற்காலி பத்தாது அத்தை."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். நாற்பத்திரண்டு வயதாகி, சொந்தமாக மருந்துக்கடை வைத்து, காதோரம் நரைத்த பிறகும் வீட்டில் அவனுக்கு லொள்ளு என்றுதான் பெயர். வாயைக் கட்டும் மருந்து அவன் கடையில் மட்டுமல்ல, எந்தக் கடையிலும் இன்னும் வரவில்லை.

பிளக்கைத் திரும்பச் செருகினான். கட்டில் நீளத்துக்கு இருந்த அப்பாவின் கடல்நீர்த் தொட்டி முனகிக்கொண்டு உயிர்பெற்றது. ஏழு மீன்கள் இருந்த தொட்டி. ஆறு மாதத்தில் ஆறு போய், மிஞ்சிய ஒன்று தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"அதையும் யாருக்காவது தூக்கிக் குடுத்துடு" என்றாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. "அவர் கையால செத்ததெல்லாம் போதும்."

லொள்ளு ஒரு நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே துடைத்த நாற்காலி.

துக்கம் கேட்க வண்ணமீன் கடைக்காரர் வந்தார். அம்மாவின் முன்னால் சற்று நேரம் கைகட்டி நின்றார். பிறகு கண் தானாகத் தொட்டிப் பக்கம் போய்விட்டது. மருந்துக்கடைக்காரனின் கண் அடுத்தவர் வீட்டு மாத்திரை டப்பாவுக்குப் போவதுபோல.

"தண்ணி எப்ப டெஸ்ட் பண்ணீங்க சார்?"

"போன ஞாயித்துக்கிழமை. மஞ்சள். வாரா வாரம் மஞ்சள்தான்" என்றான் லொள்ளு, பரீட்சையில் மகன் வாங்கிய மார்க்கைச் சொல்வதுபோல.

அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்து நிறங்கள் குழம்பின. விரல்கள் மடங்கவில்லை. அதனால் மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட்டை அளக்கும் பரிசோதனை லொள்ளுவின் தலையில் விழுந்தது. கண்ணாடிக்குழாயில் தண்ணீர், முதல் பாட்டிலிலிருந்து பத்துச் சொட்டு, இரண்டாவதிலிருந்து பத்துச் சொட்டு. மஞ்சள் வந்தால் நல்ல தண்ணீர். சிவந்தால் மாற்ற வேண்டும். அதாவது உப்பு கரைத்த தண்ணீர் நிறைந்த இரண்டு பெரிய கேன்களை அவன் இரண்டு மாடி தூக்கிவர வேண்டும். மஞ்சளின்மேல் அவனுக்குத் தனிப் பிரியம் இருந்தது.

மஞ்சள் வந்துகொண்டே இருந்தது. மீன்கள் செத்துக்கொண்டே இருந்தன. மூன்றாவது மீனை அப்பா வலையில் அள்ளி எடுத்த ஞாயிற்றுக்கிழமை, லொள்ளு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சொன்னான்:

"தண்ணியில குத்தமே இல்ல. அப்போ உங்க கைதான்பா. அந்த அரிப்புக் களிம்போட கைய விடுறீங்க, பாவம், ஒவ்வொண்ணா மயங்கி விழுது."

அப்பாவும் சிரித்தார். சிரித்தார் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

கடைக்காரர் வண்டியிலிருந்து தன் பரிசோதனைப் பெட்டியை எடுத்துவந்தார். குழாயைத் தொட்டித் தண்ணீராலேயே இருமுறை அலசினார். முதல் பாட்டிலின் சொட்டுகளை விட்டார். இரண்டாம் பாட்டிலை எடுத்துக் குலுக்கத் தொடங்கினார். சும்மா இல்லை, உள்ளங்கையில் அடித்து அடித்து, தோள்பட்டை ஆட, விடாமல் குலுக்கினார்.

"இவருக்கு என்னடா ஆச்சு?" என்றாள் அத்தை, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு.

"எதுக்கு சார் இவ்ளோ நேரம்?" என்று கேட்டான் லொள்ளு.

"மருந்து அடியில கல்லாட்டம் படிஞ்சிடும் சார். முப்பது செகண்ட் விடாம குலுக்கணும். இல்லைன்னா தண்ணி எவ்ளோ கெட்டிருந்தாலும் மஞ்சளாத்தான் காட்டும். பெட்டியிலேயே போட்டிருக்குமே."

ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம், பாட்டிலைக் கையில் கொடுக்கும்போதே, 'நல்லாக் குலுக்கிட்டுக் குடுங்க' என்று சொல்கிறவன் லொள்ளு.

ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். குழாய் முதலில் ஆரஞ்சானது. பிறகு மாதுளைச் சாறுபோல் சிவந்தது.

"பெரியவர் கடைக்கு வந்தப்பவே சொன்னேன், தண்ணி கொஞ்சம் கொண்டாங்க, பாத்துடலாம்னு" என்றார் கடைக்காரர் தாழ்ந்த குரலில். "'தண்ணியை எம்பையன் பாக்குறான், மருந்து படிச்சவன், அதுல தப்பு வராது'ன்னுட்டாரு. முழங்கை வரைக்கும் வர்ற கையுறைதான் கேட்டாரு."

"அந்தக் களிம்பையும் விட்டுட்டார்" என்றாள் அம்மா. அவள் எழுந்து வந்து பின்னால் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. "ராத்திரியெல்லாம் சொறிஞ்சுக்கிட்டுக் கிடப்பார். போடுங்கன்னா, 'மீனுக்கு ஆகாதாம்'பார். அப்படியும் ஒண்ணு செத்துச்சு. அப்புறம் தொட்டி முன்னால போட்டிருந்த நாற்காலியை உள் ரூமுக்கு எடுத்துட்டுப் போயிட்டார். மூணு மாசம் இந்தப் பக்கமே வரலை." குழாயைப் பார்த்தாள். "என்ன சொல்லுது தண்ணி?"

கடைக்காரர் லொள்ளுவின் முகத்தைப் பார்த்தார். இளகிய மனசுக்காரர். "சில நேரம் பாட்டிலே பழசாயிடும்மா. அப்படி இருந்தா யார் பாத்தாலும் தப்பாத்தான்…"

தப்பித்துக்கொள்ள நல்ல வழி. கதவைத் திறந்து, செருப்பையும் எடுத்து வைத்துவிட்டார். லொள்ளுவின் வாய்க்கு வழக்கம்போல ஒரு சிரிப்புப் பேச்சும் வந்தது. தொண்டை வரை வந்ததை விழுங்கினான்.

"பாட்டில் பழசு இல்லம்மா. போன மாசம்தான் புதுசு மாத்தினேன். நான் ஒரு நாளும் குலுக்கினதில்ல. எழுதியிருந்ததைப் படிச்சதும் இல்ல." அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "தண்ணிதான் கெட்டிருக்கு. அப்பா கையில ஒரு குத்தமும் இல்ல."

அத்தை கையிலிருந்த பாயை விரிக்காமல் நின்றாள்.

அம்மா குனிந்தாள். தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரியைத் திறந்து வீட்டுப் பரிசோதனைப் பெட்டியை எடுத்தாள். இரண்டாம் நம்பர் பாட்டிலைத் தேடி அவன் கையில் வைத்தாள்.

"குலுக்கு."

"அம்மா…"

"முப்பதுன்னாரில்ல. குலுக்கு."

குலுக்கினான். அம்மா தொட்டியைப் பார்த்தபடி எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. துக்கத்துக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். பதினெட்டில் பாட்டிலின் அடியில் இறுகியிருந்த ஏதோ ஒன்று பெயர்ந்து, உள்ளே சத்தம் மாறியது. முப்பதில் கடைக்காரர் பாட்டிலை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

"முப்பத்தொண்ணு" என்றாள் அம்மா.

அவன் கை நிற்கவில்லை.

"முப்பத்தி ரெண்டு."