மீன்கூடைக்கு எதிர்வீட்டுப் போன்

அஞ்சலாட்சியின் வாய்க்கு அந்த வீதியே பயப்படும். வீராம்பட்டினத்திலிருந்து மீன்கூடையைச் சுமந்து வந்து, மஞ்சள் வீட்டுக்கு எதிரே பூவரச மரத்தடியில் இறக்கினாளென்றால், பதினொரு மணி வரைக்கும் அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். மஞ்சள் வீடு, வீதியார் பிரெஞ்சு வழக்கில் மரியாதையாக ‘முசே’ என்று அழைக்கும் தேவதாசுடையது. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பழைய பட்டாளத்துக்காரர். வீதியிலேயே போன் இருந்தது அவர் வீட்டில் மட்டும்தான். அஞ்சலாட்சி தன் ஒரே மகள் பார்வதியைப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, சிப்பாயாக, இருந்த ஒருத்தனுக்குக் கட்டிக்கொடுத்துப் பிரான்சுக்கு அனுப்பியபின், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் போனில்தான் அவளுக்கு மகளின் குரல் கேட்கும். கேட்டுவிட்டு வந்தாளானால் அன்றைக்கு வாங்குகிறவர்களுக்குக் கொசுறு கேட்காமலே விழும்.

எண்பதுக்குப் பிறகு வீதியில் ஆள் மாற ஆரம்பித்தது. கோடி வீட்டு சாயபு குடும்பம் மகனோடு ரெயூனியன் தீவுக்குப் போனது. அவர்கள் வீட்டில் ஆசிரமத்துக்கு வந்த வங்காளிகள் குடியேறினார்கள். அவர்கள் மீன் தின்கிறவர்கள், அதில் அவளுக்கு வருத்தமில்லை. எண்பத்து மூன்றில் முசே தேவதாசும் வீட்டை விற்றுவிட்டு மகனிடம் பிரான்சுக்குக் கிளம்பியபோதுதான் அவள் ஓடிப்போய் அவர் வாசலில் நின்றாள். பார்வதிக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம், தாய்வீட்டில் நடக்கவேண்டியது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆப்பரேஷன் ஆனாலும் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “பொறந்ததும் அவரு முசே வூட்டுக்குத்தான் போன் பண்ணுவாரும்மா” என்று மகள் போன ஞாயிறுதான் சொல்லியிருந்தாள்.

“போன் வூட்டோட இருக்கும், அஞ்சலாட்சி. நம்பர் மாறாது. வர்றவங்ககிட்ட நயமா ஒரு வார்த்த சொல்லி வெச்சிக்க” என்றார் முசே.

நயமா! அந்த ஒன்றைத்தான் ஆண்டவன் அவளுக்கு வைக்கவே இல்லையே.

வந்தவர்கள் சேட்டுகள். துணிக்கடைக்காரர்கள், வெங்காயம்கூடத் தொடாத குடும்பம். முதல் நாளே மீன் கழுவிய தண்ணீர் அவர்கள் வாசலுக்கு ஓடிவிட்டது. சேட்டம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குடம் குடமாய் ஊற்றிக் கழுவினாள். அஞ்சலாட்சிக்கு வந்ததே கோபம்! “நேத்து வந்த மவராசிக்கு நாத்தம் அடிக்குதாமா? இருவது வருசமா நான் ஒக்காந்திருக்கிற எடம்டி இது! மூக்கக் கழட்டி வூட்டுல வெச்சிட்டு வா!” வீதியே வேடிக்கை பார்த்தது. சேட்டம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“இனிமே எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போயி போனக் கேப்பேன்?” என்று பக்கத்தில் பூ விற்கும் வேம்புவிடம் புலம்பினாள்.

“மூஞ்சி முக்கியமா, பொண்ணு முக்கியமாக்கா? போய்க் கேளேன்.”

மஞ்சள் வீட்டு வாசல் வரை போவாள், திரும்பி வந்துவிடுவாள். உள்ளே மணி அடிக்கும்போதெல்லாம் அரிவாள்மணையில் அவள் கை நின்றுவிடும். மணி ஓய்ந்தபின் மறுபடி மீனை வெட்டுவாள். வாயாடி அஞ்சலாட்சி விலை சொல்வதோடு நிறுத்திக்கொண்டது வீதிக்கே அதிசயமாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருக்கும்போது மஞ்சள் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. சேட்டம்மா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள்.

“மீன்காரம்மா! போன்! பிரான்ஸ் போன்! வா, வா!”

அஞ்சலாட்சி ஓடினாள். வாசற்படி வந்ததும் கால் ஏறவில்லை. கையெல்லாம் ரத்தமும் செதிலும்.

“கையி... கழுவிட்டு வந்துடறேன் சேட்டம்மா...”

“கை அப்புறம். போன் போயிடும்!”

மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள், வெங்காயம் தொடாத அந்த மகராசி. கூடத்தைத் தாண்டி, சாமி படங்களைத் தாண்டி. ரிசீவரை அவளே எடுத்து அஞ்சலாட்சியின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தே! ஆயா ஆயிட்டீங்க!” மருமகன் இராமதாசின் குரல். “பொண்ணு. ஆப்பரேஷனே இல்ல. பார்வதி நல்லா இருக்கா. நேத்து சாயங்காலமே பண்ணேன் அத்தே. மீன்காரம்மா காலையிலதான் வரும், பத்து மணிக்குப் பண்ணு, நான் கூட்டியாந்து நிறுத்தறேன்னு அந்தம்மாதான் சொன்னாங்க.”

அஞ்சலாட்சி ஓவென்று அழுதாள். சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி. பேசி முடிக்கும்வரை சேட்டம்மா பிடித்த கையை இறக்கவில்லை.

“என் வாயில மண்ணப் போட! நீ நல்லா இருக்கணும் தாயி, ஒன் வம்சம் தழைக்கணும்” என்றாள் சேட்டம்மாவிடம்.

மறுநாள் வீதி முழுக்கக் கற்கண்டு கொடுத்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, சேட்டம்மாவுக்கு மட்டும் தனியாக ஒரு பெரிய பொட்டலம். அதற்கு மேல் என்ன செய்வது என்று யோசித்து, அதற்கடுத்த நாள் கூடையை வீதிக் கோடியில் விளக்குக்கம்பத்தடியில் இறக்கினாள். அங்கே நிழலும் இல்லை, வியாபாரமும் பாதிதான். போகட்டும், அந்தப் புண்ணியவதியின் மூக்குக்காவது நிம்மதி.

கொஞ்ச நேரத்தில் சேட்டம்மா தேடிக்கொண்டு வந்தாள்.

“இங்கே ஏன்?”

“ஒங்களுக்கு எதுக்குத் தாயி அந்த நாத்தம்?”

“நாத்தம் இருக்கு” என்றாள் சேட்டம்மா. பொய் சொல்லத் தெரியாதவள். “ஆனா போன் வந்தா? இவ்ளோ தூரம் நான் எப்படிக் கூப்பிடறது? பொண்ணு பேசும், பேத்தி பேசும்.”

சொல்லிவிட்டு, அஞ்சலாட்சி உட்காரும் செதில் ஒட்டிய பலகையை எடுத்து இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் மூக்கைப் பொத்தியபடி பூவரச மரத்தை நோக்கி நடந்தாள். அஞ்சலாட்சி கூடையோடு பின்னாலேயே போனாள்.

பதினொரு மணிக்குச் சேட்டம்மா வழக்கம்போலக் குடமும் துடைப்பமுமாக வாசலுக்கு வந்தாள். அஞ்சலாட்சி துடைப்பத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நல்லா ஊத்து தாயி” என்றாள்.