ஞாயிற்றுக்கிழமைக் குடித்தனம்

இரண்டு லட்சத்துப் பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாய். என் மனைவி சுடலைவடிவின் அக்கா முத்துராணிக்கு நாங்கள் தரவேண்டியிருந்தது அவ்வளவு. கையில் எண்ணி வாங்கிய பணம் அல்ல. மதினி தன் மகள் பொன்செல்வியின் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த ஆறு பவுன் நகையை அம்பாசமுத்திரத்தில் ஒரு வங்கியில் அடகு வைத்து, நாங்கள் இரண்டு பேரும் துபாய் போவதற்கு ஏஜெண்டுக்குக் கட்டினாள். வங்கி வாசலில் வைத்து அவள் சொன்னது ஒன்றுதான்.

"ஏட்டி வடிவு, காசு எனக்கு வேண்டாம். என் பிள்ளை கழுத்துக்கு நகை வந்துரணும். அம்புட்டுதான்."

மணிமுத்தாற்றில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. நடவும் களையெடுப்பும் வடிவுக்கு. செங்கல் சூளையும் மூட்டை தூக்குவதும் எனக்கு. இரண்டும் சேர்ந்து வருஷத்தில் ஆறு மாதம் அடுப்பு எரியும். மீதி ஆறு மாதம் கடையில் பற்று. அதனால்தான் புறப்பட்டோம். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கம்பெனியில் துப்புரவு வேலை என்று ஏஜெண்டு சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. ஒரே கம்பெனிதான். ஆண்களுக்குத் தங்குமிடம் சோனாப்பூரில், பெண்களுக்கு அல்கூஸில். நடுவில் ஒரு ரயிலும் இரண்டு பஸ்ஸும்.

விமான நிலையத்திலேயே இரண்டு வேன் நின்றது. ஒன்றில் என்னை ஏறச் சொன்னார்கள், இன்னொன்றில் அவளை. எங்கள் துணியெல்லாம் ஒரே பெட்டியில் இருந்தது. ரோட்டோரமாகப் பெட்டியைத் திறந்து, அவள் சேலைகளையும் என் சட்டைகளையும் பிரித்தோம். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பேருக்கும் விடுமுறை. அவள் தங்குமிடத்துக்குள் ஆண்கள் போகக்கூடாது, என் இடத்துக்குள் பெண்கள் வரக்கூடாது. அறை எடுக்கக் காசில்லை. ஆகவே ஊரைச் சுற்றினோம். ஊர் பார்க்கிற ஆசையினால் அல்ல, உட்கார இடம் இல்லாததால்.

என் அறையில் மேல் கட்டிலில் படுப்பவர் சேக் முகம்மது, மேலப்பாளையத்துக்காரர். இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம். அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார்.

"வே முத்துமாலை, கட்டுன பொண்டாட்டியப் பாக்கதுக்கு வாரா வாரம் டிக்கெட் எடுக்க ஆளு நீரு ஒருத்தர்தான்வே."

"நீரு வேணா டிக்கெட் எடுத்துக் கொடும் அண்ணாச்சி."

"நான் எதுக்குவே கொடுக்கணும்? எம் பொண்டாட்டி மேலப்பாளையத்துல இருக்கா. எனக்கு அந்தச் செலவே இல்லை."

சிரித்தாலும் வழி சொல்லிக் கொடுத்தது அவர்தான். எந்தப் பஸ் நிறுத்தத்தில் ஏசி அறை இருக்கிறது, எந்தக் கடையில் ஒரு திர்ஹத்துக்கு டீ, எந்தப் பூங்காவுக்குச் சீட்டு வேண்டாம், எல்லாம் அவர் சொன்னதுதான். ரயில் நிலையப் பெயர்கள் அரபியிலும் இங்கிலீஷிலும் இருக்கும். எனக்குத் தமிழ் எழுத்தே இருபத்தெட்டு வயதில்தான் வந்தது. ஆகவே நிலையங்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டு போவேன். பதினோராவதில் இறங்கினால் வடிவு நிற்பாள். ஒருநாள் நடுவில் தூங்கிப்போய் கணக்குத் தவறி, கடைசி நிலையம் வரை போய்விட்டேன். அன்று அவள் வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றாள். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. "தண்ணி குடிங்க மொதல்ல" என்றாள்.

ஏசி நிறுத்தத்தில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த புளிச்சோற்றைச் சாப்பிடுவோம். ஒரு பஸ் வரும், ஏறமாட்டோம். இன்னொன்று வரும், ஏறமாட்டோம். பெரிய கடைகளுக்குள் போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீன் நீந்துவதைப் பார்ப்போம். வடிவு தரையைத்தான் முதலில் பார்ப்பாள். "இங்கன நம்ம ஆளுவதான் துடைச்சிருக்கு. மூலையில எப்படி வளைச்சு எடுத்திருக்கா பாருங்க" என்பாள். தரை துடைக்கிற பெண் யாராவது எதிரே வந்தால் தலையாட்டுவாள். அந்தப் பெண்ணும் ஆட்டுவாள். திருமணமாகி எட்டு வருஷமாச்சே, ஏன் பிள்ளை இல்லை என்று ஊரில் கேட்பார்கள். இங்கே கேட்க ஆளில்லை. அது ஒன்று நிம்மதி. ஆனால் அதைப் பற்றி நாங்களும் பேசுவதை விட்டுவிட்டோம். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அதை எப்படிப் பேசுவது?

அனுப்பிய பணத்தில் பாதி என் அப்பாவின் நெஞ்சுவலிக்குப் போனது. அவர் பிழைக்கவில்லை. நான் போகவும் இல்லை. அப்படி ஒன்றேகால் வருஷம் கழிந்து, போன வருஷம் ஆனியில் மதினி போன் செய்தாள். பொன்செல்விக்கு நாங்குநேரியில் மாப்பிள்ளை அமைந்துவிட்டது. தையில் கல்யாணம்.

"தை வரைக்கும் நேரம் இருக்குல்லா அக்கா?" என்றாள் வடிவு.

"இருக்குன்னுதான் நெனச்சேன். மாப்பிள்ளை வீட்டுக்காரவ கார்த்திகையில வந்து நகையைக் கண்ணால பாக்கணும்ங்காவ. பேங்குல கெடக்குன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அடகு நகைன்னு தெரிஞ்சா எழுந்து போயிருவாவ, வடிவு."

வட்டியோடு இன்னும் தொண்ணூற்றிரண்டாயிரம் நின்றது. கார்த்திகைக்குள் நாலு சம்பளம் வரும். இரண்டு பேரும் சாப்பாட்டுக்குப் போக மிச்சம் எல்லாவற்றையும் அனுப்பினால் சரியாக வரும். ஒரு திர்ஹம்கூட தவறக்கூடாது. அன்றிலிருந்து ஒரு திர்ஹம் டீயையும் நிறுத்தினோம்.

ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. வடிவின் தாலித் தங்கம் எப்போதோ விற்றாயிற்று. மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள்தான் தொங்கும். தரை துடைக்கிற மருந்துத் தண்ணீர் பட்டுப் பட்டு அந்தக் கயிறு வெளுத்து, இற்றுப்போயிருந்தது. ஒரு தமிழ்க் கடையில் புதுக் கயிறு வாங்கி, பஸ் நிறுத்தத்தில் கிழக்கே பார்த்து உட்காரவைத்து நான் கட்டினேன். எதிரே உட்கார்ந்திருந்த பாகிஸ்தான்காரர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார், எங்களுக்கு இடம் கொடுப்பதுபோல.

பழைய கயிறு அவள் கையில் இருந்தது. மஞ்சள், கொஞ்சம் பூ, கயிறு மூன்றையும் ஒரு காகிதத்தில் மடித்தாள்.

"இதை ஓடுத தண்ணில விடணும்" என்றாள்.

ஊரில் அதற்கு யோசனையே வேண்டாம். வீட்டை விட்டு இறங்கினால் கால்வாய். இங்கே எங்கே போவது?

"மரத்தடியில வச்சா ஆகாதா?" என்றேன்.

"ஆகும். ஆனா நாளைக்குக் காலையில நம்மளை மாதிரி ஒருத்தி வந்து பெருக்கி, வாரி, கறுப்புப் பையில கட்டிருவா. எந் தாலி குப்பை வண்டியிலல்லா போவும்."

அவள் சொன்னது சரி. இந்த ஊரில் கீழே கிடக்கிற எதுவும் ஒரு நாளைத் தாண்டாது. தாண்டவிடாமல் பார்ப்பதுதான் எங்கள் வேலை.

முதலில் பெரிய கட்டடத்துக்குக் கீழே இருக்கும் நீரூற்றுக்குப் போனோம். வடிவு ஐந்து நிமிஷம் அதையே பார்த்தாள்.

"இது ஓடலியே. ஒரே தண்ணிதான் ஏறி ஏறி விழுது."

பிறகு ஒரு வாய்க்கால் கரைக்குப் போனோம். அங்கே கண்ணாடிச் சுவர். கை எட்டவில்லை. ஆடி மாத வெயில் இங்கே மனிதனை நிற்கவிடாது. எனக்குத் தலை சுற்றியது. விடுமுறைக்கு வெளியே வந்த பெண்களைத் திரும்ப ஏற்றிப்போக நாலு மணிக்குக் கம்பெனி வண்டி வந்து எண்ணிக்கை எடுக்கும். அதற்குள் அவளைக் கொண்டு விடவேண்டும். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வா, கடல்தண்ணி ஊருக்குள்ள வருதுல்லா, அங்கன படகுல போவோம். ஒரு திர்ஹம். நட்டாத்துல போட்டுருவோம்."

"அது உப்புத் தண்ணியில்லா?"

"நம்ம ஆறு மட்டும் எங்க போவுது? கடைசியில உப்புலதான கலக்கு. ஏறுட்டி."

அதைச் சொன்னது நான். அதை இங்கே எழுதி வைக்கவேண்டும்.

படகில் இருபது பேர் இருந்தார்கள். நடுவில் போனதும் வடிவு கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுப் பொட்டலத்தைத் தண்ணீரில் விட்டாள். பூ மட்டும் பிரிந்து கொஞ்ச தூரம் கூடவே வந்தது. அவள் முகம் அன்று தெளிந்த மாதிரி நான் அந்த ஊரில் பார்த்ததே இல்லை.

அக்கரையில் இறங்கியதும் ஒருவர் கையை நீட்டி நிறுத்தினார். சீருடை இல்லை. கழுத்தில் ஓர் அட்டை, கையில் ஒரு மிஷின். சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். அதில் ஒரு மனிதன் பாட்டிலை எறிகிற படம். அதன்மேல் சிவப்புக் கோடு. அந்தப் பலகையை நாங்களும் பார்த்துத்தான் ஏறினோம். பாட்டில் எறியக்கூடாது என்று நினைத்துக்கொண்டோம்.

சேக் முகம்மதுக்குப் போன் போட்டு அவரிடம் கொடுத்தேன். இரண்டு பேரும் இந்தியில் பேசினார்கள். போன் என்னிடம் திரும்பி வந்தது.

"என்னவே போட்டிய?"

"பழைய தாலிக் கயிறு அண்ணாச்சி."

"அவருக்கு அது குப்பைவே. ஐநூறு திர்ஹம் அபராதம், நம்ம காசுல பன்னிரண்டாயிரம். சாமி விஷயம்னு சொல்லிப் பாத்துட்டேன். மிஷின்ல ஏத்தியாச்சுங்காரு."

வடிவு அந்த மனிதரிடம் நேராகத் தமிழிலேயே பேசினாள். "அய்யா, நான் குப்பை வாருதவ. குப்பை எதுன்னு எனக்குத் தெரியாதா?" அவருக்குப் புரியவில்லை. ஆனால் அவர் சத்தம் போடவும் இல்லை. அவளுடைய அடையாள அட்டையை வாங்கி, எண்ணைத் தட்டி, சீட்டைக் கிழித்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள்தான் ஆரம்பித்தாள்.

"கம்பெனியில வீட்டு வேலைக்கு ஆள் கேக்காவ. அங்கனயே தங்கணும். சாப்பாடு அவுக தருவாக. ஆயிரத்து முந்நூறு திர்ஹம், இப்ப வாங்குததைவிடக் கூட."

"லீவு?"

"கிடையாது. ஒரு வருஷத்துக்குக் கையெழுத்து."

"வேண்டாம். அண்ணாச்சிகிட்டக் கைமாத்தா வாங்குதேன்."

"அவரு மவளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டதுக்கே முழிக்காரு. அவருகிட்டயா கேப்பிய?"

"வடிவு, வாரத்துல ஒரு நாளு. அதையும் விட்டுட்டா நமக்கு என்ன இருக்கு?"

"பொன்செல்வி மாப்பிள்ளை வீட்டுக்காரவ எழுந்து போனா எங்கக்கா மொவத்துல நான் எப்படி முழிப்பேன்? சொல்லுங்க."

வண்டி வந்தது. எண்ணிக்கை எடுத்தார்கள். அவள் ஏறினாள்.

ஆவணி முதல் வாரம் ஜுமைராவில் ஒரு வீட்டுக்குப் போனாள். இரவு பத்து மணிக்குமேல் பத்து நிமிஷம் போன் பேசலாம். பாதி நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவாள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். நான் வைக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறவேண்டிய அவசியமில்லாததால் அன்றைக்கும் கூடுதல் வேலை கேட்டு வாங்கினேன்.

கார்த்திகை எட்டாம் தேதி திங்கட்கிழமை, மத்தியானம் மதினி வீடியோவில் வந்தாள். வங்கி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் பொன்செல்வி. அட்டிகையையும் வளையல்களையும் சங்கிலியையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள்.

"ஆறு பவுனும் வந்துட்டு மாப்ள. நல்லா இருப்பிய. வடிவை எங்க?"

"வேலையில இருக்கா."

"அவளைக் கூப்பிடும். நான் அவ மொவத்தைப் பாக்கணும்."

"ராத்திரி கூப்பிடுவா, மதினி."

மதினிக்கு வீட்டு வேலை விஷயம் யாரும் சொல்லவில்லை. ஏதோ புரிந்திருக்கவேண்டும். சேலைத் தலைப்பால் நகையை மூடிக்கொண்டு, "பைய வாங்க, ரெண்டு பேரும்" என்று மட்டும் சொன்னாள்.

இரவு வரை என்னால் பொறுக்க முடியவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி வேலையிலிருந்து இறங்கி, பஸ் ஏறினேன். ஐந்து மணிக்கு அவள் குப்பைப் பையை வெளியே கொண்டுவந்து வைப்பாள் என்று சொல்லியிருக்கிறாள். அந்தத் தெருவில் எல்லா வீடும் வெள்ளை, எல்லாக் கதவும் ஒரே மாதிரி. நான் எதிர்ப்பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன்.

கதவு திறந்தது. சாம்பல் நிறச் சட்டையும் தலைத்துணியும் போட்டு ஒருத்தி இரண்டு கையிலும் பை தூக்கி வந்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் வந்தபிறகுதான் அவள் என்று தெரிந்தது. இளைத்திருந்தாள்.

"வடிவு."

நிமிர்ந்தாள். தெருவைக் கடக்காதீர்கள் என்று கையைக் காட்டினாள். வாசலுக்கு மேல் கேமரா இருந்தது.

"என்ன, ஊருல யாருக்கும் ஒண்ணுமில்லல்லா?" என்றாள் மெதுவாக.

"நகையைத் திருப்பியாச்சு. அக்கா கையில வாங்கிட்டா."

"ஆறு பவுனுமா?"

"ஆறும். நான் கண்ணால பாத்தேன்."

பைகளைக் கீழே வைத்தாள். ஒரு கையால் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ இனி நாம யாருக்கும் தரவேண்டியது ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல."

"நீங்க என்ன, மெலிஞ்சு போயிருக்கிய?"

"நீதான் மெலிஞ்சிருக்க."

உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வேறு ஏதோ பெயரில் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்து, "வாரேன்" என்று தமிழிலேயே சொன்னாள். பைகளைத் தொட்டிக்குள் போட்டு மூடியை அழுத்தினாள்.

"இன்னும் ஒம்பது மாசந்தான். பஸ் போயிரும், போங்க" என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. நான் மதினிக்குப் போன் போட்டேன். வடிவிடம் சொல்லிவிட்டேன், கணக்கு தீர்ந்தது என்றேன்.