நடந்த எழுத்து

சுவரிலிருந்து 'ழ' வரைந்த தாளை மகள் உரித்தபோது சுண்ணாம்பும் கூடவே பெயர்ந்து வந்தது.

"சீக்கிரம் கழட்டும்மா. நாலு பேர் வந்து போற நேரம். கோழி கிளறின மாதிரி இதென்ன சுவத்துல?" என்றார் அப்பா.

மகள் அடுத்த தாளுக்குக் கையை நீட்டினாள். கூடத்தின் நடுவே அம்மா கிடந்தாள். நேற்று மாலை அலுவலகத்தில் கணினி முன்னாலேயே சரிந்தவள், ஆஸ்பத்திரிவரைகூட உயிரோடு போய்ச் சேரவில்லை.

புத்தகங்களுக்கும் பெயர்ப்பலகைகளுக்கும் எழுத்துரு வடிவமைப்பது அம்மாவின் வேலை. சுவரில் இருந்ததை மட்டும் தனக்காகச் செய்தாள்; பிற்பாடு அதுவும் அச்சுக்குப் போனது. ஊர் வரைபடத்தில் தான் நடந்த வழியைப் பென்சிலால் இழுப்பாள். அந்தக் கோட்டுக்குள்ளிருந்து ஓர் எழுத்தைப் பிடித்துவிடுவாள். விறுவிறுவென்று நடந்த தெருவில் கோடு மெலியும். கால் ஓய்ந்து நின்ற இடத்தில் தடிக்கும்.

அப்பா வாயைத் திறந்தால் மூட மாட்டார். சில நாள் தட்டும் பறக்கும். அப்போதெல்லாம் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள். சின்ன வயதில் மகளும் பின்னாலேயே ஓடியிருக்கிறாள். 'ட' பாலம்வரை போனது. 'ழ' மழையில் சந்துகளுக்குள் வழி தெரியாமல் சுற்றியது. எங்கே சுற்றினாலும் போக்கிடம் இல்லாமல் இதே வாசலுக்குத்தான் திரும்பினார்கள்.

அம்மாவின் முதலாளி வந்தார். கும்பிட்டு நிமிர்ந்தவர் தரையில் கிடந்த தாள்களைப் பார்த்துப் பதறினார்.

"சார், இதையா கழட்டிட்டீங்க? இந்த எழுத்தைக் கேட்டு எங்கெங்கேருந்தோ எழுதறாங்க. பயணத்துல பிறந்ததுன்னு உங்க வீட்டம்மா சொல்வாங்க. எந்தப் பயணம்னு கேட்டா சிரிச்சுக்குவாங்க, அவ்வளவுதான்."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து போன ஊருங்க சார். நான்தான் கூட்டிட்டுப் போவேன். அவபாட்டுக்கு உக்காந்து வரைவா. ஒரு வார்த்தை குறுக்க பேச மாட்டேன்." பிறகு மகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா பாத்துட்டு நிக்கற? திரும்ப ஒட்டு."

மகள் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள்.

"எந்த ஊருப்பா?"

"என்னது?"

"ஒரு ஊர் பேரச் சொல்லுங்க. ஒண்ணு போதும்."

அப்பா முதலாளியைப் பார்த்தார். முதலாளி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துக்கத்துல என்ன பேசறோம்னு தெரியல அவளுக்கு" என்றார் அப்பா. வீட்டார் மட்டுமே அறிந்த அந்தக் குரல் மெல்லத் தலைதூக்கியது. "உள்ள போ."

அவள் போகவில்லை. அம்மாவின் காலருகே உட்கார்ந்தாள். போர்வை விலகியிருந்தது. குளிப்பாட்டிய பிறகும் பித்தவெடிப்புகளில் தெருமண் கறுப்பாக நின்றது. பக்கத்திலிருந்த சித்தி குனிந்து போர்வையை இழுத்துவிடப் போனாள்.

மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் சித்தி."